தட்டிக்குக் கீழே தெரிந்த கால்கள்

தம்பிமாரே,

நீங்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. உபதேசியார் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டீர்கள். நம் ஜனங்கள் முழங்காலில் நின்று ஜெபிப்பதைச் சந்தைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆகையால் திரை போட வேண்டும் என்பது ஒரு கட்சி. புறத்தார் என்ன நினைத்தால் நமக்கென்ன, ஆண்டவர் பார்த்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற கிழவனிடம் தீர்ப்புக் கேட்டிருக்கிறீர்கள்.

தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இத்தனை வருஷ வேலையில் நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். எந்த நேரத்தில் எந்தக் கட்சியில் இருக்கக் கூடாதோ, அந்த நேரத்தில் தவறாமல் அதில் இருந்திருக்கிறேன். போடிநாயக்கனூரில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் பயந்தாலும் நல்லதுதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குரல் பெரிது, மூளை அதைவிடச் சற்றுச் சின்னது. போடியில் நம் சபைக்கு ஒரே அறை கொண்ட ஓட்டுக் கட்டடம்தான் இருந்தது. அதற்கு வாசலும் ஒன்றுதான். குரங்கணி மலையிலிருந்து ஏலக்காய்ப் பொதி சுமந்து மாடுகள் இறங்கி வரும் தெருவைப் பார்த்த வாசல் அது. நேர் எதிரே ஒரு பெரிய கிட்டங்கி. மலைத் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் ஏலக்காயை அங்கேதான் நிறுத்து வாங்கிச் சேர்த்து வைப்பார்கள். அதன் முன்னால் நீளமாக ஒரு கல் படி. தரகர்களும் பொதிமாட்டுக்காரர்களும் பொழுது முழுவதும் அந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பார்கள். படியின் ஓரத்தில் பேச்சியம்மாள் என்கிற அம்மாளின் வெற்றிலைக் கடை. ஊரில் நடப்பதில் பாதி அந்தப் படியில் பேசித் தீர்க்கப்படும், மீதிப் பாதி அங்கேயே கற்பித்துச் சேர்க்கப்படும்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஊரறியத் தப்புச் செய்துவிட்டால், சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆராதனை முடியும் வரை வாசல் நிலைக்கு உட்புறமாக நின்றுகொண்டே இருக்க வேண்டும். பாயில் உட்காரக் கூடாது. எத்தனை வாரம் என்பதைச் சபைப் பெரியவர்களான மூப்பர்களும் உபதேசியாரான நானும் சேர்ந்து முடிவு செய்வோம். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்தே வைப்போம் ஆகையால், நிற்கிறவர் தெருவுக்கு நன்றாகத் தெரிவார்.

நான் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த வருஷம் முதலில் நின்றவர் மாசிலாமணி. கள் குடித்துவிட்டுச் சந்தை நாளில் ஒரு கீர்த்தனையை முழுவதும் பாடினார். பாட்டு நல்ல பாட்டு. பாடிய இடம்தான் கள்ளுக்கடை வாசல். நான்கு வாரம் நிற்கச் சொன்னோம்.

தெருவில் போகிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சாமி கும்பிடும் இடத்தின் வாசலில் ஒரு மனிதர் கைகட்டி நிமிர்ந்து நிற்கிறார், மற்றவர்களெல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நிற்கிறவர்தான் பெரிய மனிதர் என்று முடிவு செய்துவிட்டார்கள். பொதிமாட்டுக்காரர்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு தாய் காய்ச்சலோடு பிள்ளையைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள். மாசிலாமணி என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளையின் நெற்றியில் ஊதினார். காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்த வாரம் இரண்டு பிள்ளைகள் வந்தன. மூன்றாம் வாரம் அவர் யாரிடமோ கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். நான்காம் வாரம் முடிந்ததும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அண்ணே, எனக்கு இன்னும் மனசு சரியாத் திரும்பல. இன்னொரு நாலு வாரம் போட்டு வைங்களேன்."

எனக்கு வந்த கோபத்தில் நேராக எதிர்ப்படிக்குப் போனேன். புறத்தார் நம்மைத் தப்பாக நினைக்கிறார்கள், திருத்தியாக வேண்டும் என்கிற கட்சியில் அன்றைக்குச் சேர்ந்தேன். படியில் உட்கார்ந்திருந்த தரகர்களுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அங்கே நிற்பது மரியாதை அல்ல, தண்டனை என்றேன். எங்கள் சபையில் எதையும் மூடி மறைப்பது கிடையாது என்றும் பெருமையாகச் சொன்னேன். வெற்றிலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். என் பிரசங்கத்தை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. உள்ளம் குளிர்ந்து திரும்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்படியில் இடம் இல்லை. பேச்சியம்மாள் வழக்கத்தைவிட முன்னதாகவே கடையைத் திறந்துவிட்டாள். அன்று நிற்பதற்கு எங்களிடம் ஆள் இல்லை. ஆராதனை பாதியில் இருக்கும்போதே தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன உபதேசியாரே, இந்த வாரம் ஆளு சிக்கலையா?"

அன்றிலிருந்து எங்கள் பாவம் ஊருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. வாசலில் ஒருவர் நின்றால் பேர், தொழில், செய்த காரியம் எல்லாம் மத்தியானத்துக்குள் பக்கத்து ஊரான தேவாரம் வரை போய்விடும். சபையார் முகம் தொங்கிவிட்டது. மூப்பர்களில் பெரியவர் வேதமாணிக்கம், ஜவுளிக்கடைக்காரர். ஊர்மெச்ச வாழ வேண்டும் என்பதில் அவருக்கு மிகுந்த பற்று. கதவைச் சாத்திவிட வேண்டியதுதான் என்றார். சாத்தினோம். சித்திரை வெயிலில் அறுபது பேர் ஒரே அறையில். இரண்டாம் கீர்த்தனையிலேயே ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார். வெளியே அதைவிட மோசம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஆடு வெட்டுகிறார்கள் என்று ஒரு செய்தி கிளம்பியது. ஆடு இல்லை, அதைவிடப் பெரியது என்று சாயங்காலம் இன்னொரு செய்தி வந்தது.

அப்போதுதான் நான் தட்டி யோசனையைச் சொன்னேன். வாசலில் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டால் நிற்கிற ஆள் தெரியமாட்டார், கதவும் திறந்திருக்கும். காற்று வர வேண்டும் என்று தரையிலிருந்து ஒன்றரை முழம் விட்டுக் கட்டச் சொன்னேன். அந்த ஒன்றரை முழமும் என் யோசனைதான், வேறு யார்மேலும் பழி போட வழியில்லை.

முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிந்தது. செருப்பை வெளியில் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் ஆகையால் வெறுங்கால். எதிர்ப்படியில் பந்தயம் ஆரம்பமானது. இது யார் கால் என்று சரியாகச் சொல்கிறவருக்கு ஒரு கவுளி வெற்றிலை. அதில் பேச்சியம்மாளை மிஞ்ச ஆளில்லை. நாள் முழுவதும் தரையோரம் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவள். ஊரில் பாதிப் பேரை அவள் காலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்து வைத்திருந்தாள்.

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிமேல் சொல்வதும் வேடிக்கைதான், ஆனால் இதில் ஒரு மனிதனுடைய மானம் சிக்கியிருக்கிறது.

எதிர்க் கிட்டங்கியில் தராசு பிடிப்பவர் ஞானமுத்து. எங்கள் சபைக்காரர். அவர் மட்டுமா, ஊரில் இன்னும் நான்கு கிட்டங்கிகளில் எங்கள் ஆட்கள்தான் தராசு பிடித்தார்கள். வேதக்காரன் எடையில் பொய் செய்யமாட்டான் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை வைத்து ஐந்து குடும்பம் சோறு தின்றது.

குரங்கணிச் சரிவில் சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருந்தவர் சடையாண்டி. நம் மார்க்கத்தார் அல்ல. அவருடைய காயை மலையிலிருந்து மாட்டில் ஏற்றிக் கொண்டுவருபவர் அவர் மனைவியின் அண்ணன் கருப்பையா. கருப்பையாவின் மகனுக்குத்தான் சடையாண்டி தன் மகளைக் கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு வருஷமாக ஒரு தொல்லை. மேலே நிறுத்து அனுப்புகிற காய் போடிக்கு வந்து நிறுத்தால் குறைகிறது. ஒரு புதன்கிழமை சடையாண்டி பொறுமை இழந்து, எதிர்ப்படியில் அத்தனை பேர் முன்னிலையில் கருப்பையாவின் சட்டையைப் பிடித்தார்.

"வழியில காய எடுத்து விக்கிறியாடா களவாணி! எம் பொண்ணு ஒன் வீட்டுல வந்து களவாணிச் சோறு திங்கவா? இனிமே எனக்கும் ஒனக்கும் பேச்சு கெடையாது."

கருப்பையா மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஞானமுத்து என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு இடதுகாலில் சுண்டுவிரல் கிடையாது. பொதிமாடு மிதித்துப் போனது. அந்தக் காலை நீட்டிக் காட்டினார்.

"உபதேசியாரே, காயி கொறையல. எடக்கல்லு வைக்கிற தட்டு தரைக்குப் பக்கத்துல தொங்கும்ல, குனிஞ்சு நிறுக்கறப்ப இந்தக் கால் பெருவெரல அந்தத் தட்டு மேல வச்சு அழுத்துவேன். மொதலாளி வாய் தொறந்து சொன்னதில்ல. நம்ம பக்கம் கொஞ்சம் பாத்துக்கன்னுதான் சொன்னாரு. ரெண்டு வருசம் பாத்துக்கிட்டேன். இன்னைக்கு அந்தக் கருப்பையா மூஞ்சியப் பாத்தேன். இப்பவே மலைக்குப் போயி சடையாண்டி அண்ணங்கிட்டச் சொல்லிடவா?"

தம்பிமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதன் தானாக வந்து, சரியான காரியத்தை, சரியான நேரத்தில் செய்யக் கேட்கிறான். நான் செய்ய வேண்டியது "போ" என்று ஒரு வார்த்தை சொல்வதுதான். நான் சொன்னது வேறு.

"அவசரப்படாதீங்க. இது சபை விஷயம். மூப்பர்களைக் கலந்து ஞாயிற்றுக்கிழமை முறைப்படி செய்வோம். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாய் தொறக்காதீங்க."

ஞானமுத்து கிட்டங்கி முதலாளியிடம் மட்டும் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருப்பது நன்றி கெட்ட செயல் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை முதலாளி என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர்தான், கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம்.

"ஒங்க கோயில் விசயத்துல நான் தலையிடலாமா? தலையிடக் கூடாது. ஆனா ஒங்க ஆளுக பொய் சொல்லமாட்டாங்கன்னு ஊரே நம்புது. அந்தப் பேர நீங்களே கெடுத்துக்கலாமா? நாலு பேரு என்ன நெனப்பாக, ஒங்களப் பத்தி?"

எங்களைப் பற்றி அவருக்கு இருந்த கவலையைக் கண்டு நான் உருகிப்போனேன். பழமும் நன்றாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வேதமாணிக்கத்தின் கடையில், துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்து, ஆறு மூப்பர்களும் நானும் பேசினோம். மூன்று மணி நேரம். ஞானமுத்துவை நிற்க வைக்காமல் விட்டால் வழக்கம் கெடும். நிற்க வைத்தால் சுண்டுவிரல் இல்லாத காலைப் பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். தராசு பிடிக்கிறவன் நிற்கிறான் என்றால் எதற்கு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறகு மற்ற நான்கு கிட்டங்கிகளும் நம் ஆட்களை விரட்டும். ஊர் சிரிக்கும்.

"அந்த ஒரு காலத்தான் மறைக்கணும்" என்றார் வேதமாணிக்கம்.

"சாக்கைச் சுத்திக்கிட்டு நிக்கலாம்" என்றார் ஒருவர்.

"சாக்கு சுத்துன கால விசாரிக்க மாட்டாளா அவ?"

அப்போது எனக்குள் மின்னல் வெட்டியது. ஒரு காலை மறைக்கச் சிறந்த வழி இன்னும் பல கால்கள்! எல்லா ஆண்களும் வாசலில் போய் நின்றுவிட்டால் எந்தக் கால் யாருடையது என்று எவள் கண்டுபிடிப்பாள்? நாமெல்லோரும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கிறோம் என்று அதற்கு ஒரு பக்தியான காரணமும் சொல்லிவிடலாம். மூப்பர்கள் மூட்டையைத் தட்டி மெச்சினார்கள். வேதத்தில் வரும் சாலொமோன் ராஜாவுக்குப் பிறகு இப்படி ஒரு புத்தி யாருக்கும் வந்ததில்லை என்றார் வேதமாணிக்கம். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் கீர்த்தனை முடிந்ததும் ஆண்களையெல்லாம் எழுந்து வாசலுக்கு வரச் சொன்னேன். இருபத்திரண்டு பேர். நடுவில் ஞானமுத்து, அவரைச் சுற்றி மூப்பர்கள், பிறகு மற்றவர்கள். நானும் அவர்களோடு நின்று, தட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரசங்கம் செய்தேன். எதிரே பெண்கள் மட்டும் பாயில் உட்கார்ந்து எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள். மாசிலாமணிக்கு அன்று ஒரே சந்தோஷம்.

வெளியே சத்தம் அடங்கிவிட்டது. வெற்றி என்று நினைத்தேன். பிறகு பேச்சியம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அடி ஆத்தா! அம்புட்டுப் பேருமா?"

"ஒரே வாரத்துல என்னப்பா செஞ்சாக?" என்றார் ஒரு தரகர்.

"ஊருல இன்னைக்கு ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு போயிப் பாருங்கப்பா."

"அங்கிட்டு ஓரத்துல நிக்கிறது உபதேசியார் காலு மாதிரி இருக்கே?"

"அவருதான். பித்த வெடிப்பப் பாரு."

படி முழுவதும் சிரிப்பு. உள்ளேயும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் குரலை உயர்த்திப் பிரசங்கத்தை இழுத்துப் பிடித்தேன். என் பக்கத்தில் நின்றவருடைய தோள் குலுங்குகிறது, எனக்கு வேதத்தில் எந்த அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறேன் என்றே மறந்துவிட்டது. அப்போது பேச்சியம்மாள் மறுபடியும் பேசினாள். இந்தத் தடவை நிதானமாக.

"இருங்கப்பா, இருங்க. சுண்டுவெரலு இல்லாத காலு நடுவுல நிக்குது. மத்தவுகல்லாம் அந்தக் காலச் சுத்தித்தான் நிக்கிறாக. அத மறைக்கத்தான் இம்புட்டுக் கூட்டமும்."

எங்கள் மூன்று மணி நேர ஆலோசனை வெற்றிலைக்காரி முன்னால் மூன்று நிமிஷம் நிற்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை இப்போது. படியிலிருந்து சடையாண்டியின் குரல் வந்தது. மத்தியானம் காய் நிறுக்க வேண்டி அவரும் படியில் உட்கார்ந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

"யாரு, தராசுக்கார ஞானமுத்துவா? சேச்சே! அவரு என்ன செய்யப் போறாரு? எம் மச்சான மாதிரி ஆளா அவரு? சொக்கத் தங்கம்ப்பா அவரு."

ஞானமுத்து என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இதை எழுதும்போது இப்போதும் என் முகம் சுடுகிறது. அவர் திரும்பித் தட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து தட்டி தெருவில் விழுந்தது. எங்கள் இருபத்திரண்டு பேரையும் ஊர் முழு உருவமாகப் பார்த்தது. அவர் விழுந்த தட்டிமேல் நடந்து படிக்கு முன்னால் போய் நின்றார்.

"சடையாண்டி அண்ணே, கருப்பையா ஒரு காயக்கூடத் தொடல. நான் கல்லுத் தட்டுல காலு வச்சு அழுத்துனேன். ரெண்டு வருசமா. ஒங்களுக்கு மட்டுமில்ல, மலையில இருந்து வந்த எல்லாருக்கும். இந்தக் காலுதான்."

சடையாண்டி எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிறுக்க வந்த காயை அப்படியே போட்டுவிட்டு மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை முதலாளி ஞானமுத்துவை வேலையை விட்டு நிறுத்தினார். வேதமாணிக்கம் என்னிடம் வந்து, சொன்னேனே, இனி நம் பேர் அவ்வளவுதான் என்று அழாத குறையாகச் சொன்னார். மற்ற கிட்டங்கிகளிலிருந்து செய்தி வரும் வரும் என்று காத்திருந்தோம். வியாழக்கிழமை வந்தது, ஆனால் நாங்கள் எதிர்பார்த்த செய்தி அல்ல. மலையிலிருந்து வந்த தோட்டக்காரர்கள் எதிர்க் கிட்டங்கியில் புது ஆளிடம் காயை நிறுக்க மறுத்து, மூட்டைகள்மேலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். "ஞானமுத்துவ வரச் சொல்லுங்க. அவன் செஞ்சதச் சொல்லிப்புட்டான். இவன் இன்னும் சொல்லலையே?" என்றார்களாம். முதலாளி மத்தியானம் வரை பார்த்தார். பிறகு தானே ஞானமுத்துவின் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். தராசின் கல்லுத் தட்டை மேலே உயர்த்திக் கட்டினார்கள். அதைக் கட்டச் சொன்னது ஞானமுத்துதான்.

நானும் எல்லாவற்றையும் என் நிர்வாகத் திறமை என்று எண்ணிக்கொள்ளத் தொடங்கியிருந்தேன். மனிதனுடைய மனசு எவ்வளவு சீக்கிரம் தேறிவிடுகிறது பாருங்கள்! அடுத்த நாள் சடையாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். நான் உள்ளே பாய்களைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"உபதேசியாரே, ஞாயித்துக்கெழம ஒங்க காலையும் பாத்தேன். நீங்க என்ன செஞ்சீக?"

"நானா? நான் ஒண்ணும்..."

"ஞானமுத்து புதன்கெழமையே ஒங்ககிட்டச் சொல்லிட்டாராமே. இப்பவே மலைக்குப் போறேன்னு நின்னாராமே. பொத்தி வச்சது நீங்கதானாமே?"

ஊரில் என்ன பேசுவார்கள் என்று பார்த்தோம், நீங்கள் எல்லாரும் எங்கள் சபையைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான், என்று ஏதேதோ உளறினேன். அவர் முழுவதும் கேட்டார்.

"நாங்க என்ன நெனப்போம்னு அம்புட்டு யோசிச்சிருக்கீக. சரி. அந்த நாலு நாளும் எம் மச்சான் கருப்பையா சோறு திங்கல. ஊரு முழுக்கக் களவாணிங்குதுன்னு வீட்ட விட்டு வெளிய வரல. ஏசுனவன் நான்தான், அது எம் பாவம், கால்ல விழுந்து தீத்துக்கிட்டேன். ஆனா அது பொய்யின்னு தெரிஞ்சே நாலு நாளு வச்சிருந்தவரு நீங்க. அவன் ஒருத்தன் இருக்கான்னு நெனச்சீகளா?"

நினைக்கவில்லை. மூப்பர்கள் ஆறு பேர், நான் ஒருவன், ஏழு பேர் மூன்று மணி நேரம் புறத்தாரைப் பற்றியே பேசினோம். கருப்பையா என்கிற பேர் ஒரு தடவைகூட எங்கள் வாயில் வரவில்லை. அவரும் புறத்தார்தான். இதை நினைத்தபோது எனக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமையில இருந்து நாலு வாரம் நான் இந்த வாசல்ல நிக்கிறேன்" என்றேன்.

"இங்க நின்னா பேச்சியம்மாளுக்குத்தான் யாவாரம் ஆகும்" என்றார் சடையாண்டி. "அவன் வாசல்ல போயி நில்லுங்க."

மறுநாள் விடியற்காலையில் கிளம்பி மலை ஏறினேன். அட்டைக் கடி, மூச்சு வாங்கல் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். வழி முழுவதும் என்ன சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். அழகான வார்த்தைகள். நடுவில் இரண்டு வசனங்கள்கூட இருந்தன. கருப்பையாவின் வீடு ஒரு புல் வேய்ந்த குடிசை. ஒரே கூரையின் கீழே ஒரு பக்கம் மனிதர்கள், ஒரு பக்கம் மாடுகள். வாசல் எல்லாருக்கும் பொது. நான் போய் அதன் நடுவில் கைகட்டி, தலை குனிந்து நின்றேன்.

உள்ளேயிருந்து கருப்பையாவின் மனைவி எட்டிப் பார்த்தாள். யாரோ நிற்கிறார்கள் என்று உள்ளே இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னாள். கருப்பையா மேய்ச்சலிலிருந்து ஆறு மாடுகளை ஓட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சேர்த்து வைத்திருந்த முதல் வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"நிக்கிறதுன்னா ஓரமா நில்லுங்க சாமி," என்றார். "மாடு உள்ள போகணும்."

நான் ஓரமாக நின்றேன். ஆறு மாடும் என்னை உரசிக்கொண்டு உள்ளே போயின. அதற்குள் வசனங்கள் இரண்டும் மறந்துவிட்டன. "பொய்யின்னு எனக்குத் தெரியும், சொல்லாம இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.